மலைநாட்டு ஏரிகளும் அவற்றை நாடிச் செல்வோரும்

மழை குறைந்து வெயில் நீடிக்கும் காலங்களில், மஸ்கெலியாவை அடுத்துள்ள மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் படிப்படியாகத் தாழ்ந்து செல்லும். அப்போது, நீருக்குள் மறைந்து கிடந்த பழைய இந்து ஆலயம் ஒன்றின் கட்டடம் வெளிப்படும். பள்ளிவாசலின் எச்சங்களும் பௌத்த விகாரையின் எச்சங்களும் தென்படும். அவை பழைய மஸ்கெலியா நகரத்தின் மிச்சங்கள். அவற்றைக் காண மக்கள் திரள்வதுண்டு. மீண்டும் மழை பெய்ததும் யாவும் நீருக்குள் மறைந்துவிடும். பிறகு அங்கே தெரிவது அமைதியான நீர்ப்பரப்பு, கரையெங்கும் பச்சைத் தேயிலை, தொலைவில் சிவனொளிபாதமலையின் கூரிய முடி ஆகியவை மட்டுமே. அந்நேரத்தில் அங்கு வரும் வெளியூரார், மனிதர் கால் படாத வனாந்தரம் ஒன்றிற்கு வந்துவிட்டதாகவே எண்ணி மகிழ்வர்.

அவர்தம் மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அவர்தம் எண்ணம் பாதியே உண்மை. தூண்டிலும் துடுப்பும் கூடாரமும் கொண்டு மலைநாட்டு ஏரிகளை நாடிச் செல்வோரின் தொகை இக்காலத்தில் பெருகி வருகிறது. நல்ல பழக்கம்தான். நகரத்தின் இரைச்சலிலிருந்து இரண்டு நாள் விலகி, விண்மீன்களின்கீழ் உறங்கி எழுவது உடலுக்கும் உள்ளத்திற்கும் மருந்தாகும். எனினும், செல்லுமிடத்தின் இயல்பை அறியாமற் சென்றால், அந்த இன்பம் துன்பமாக மாறுதல் எளிது. ஆதலின் இந்நீர்நிலைகள் எவ்வாறு தோன்றின, அவற்றில் வாழ்வன யாவை, அங்கே தங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பவற்றைச் சற்று விளக்கமாகக் காண்பது பயனுடையதாகும்.

கனடா, பின்லாந்து முதலிய வடநாடுகளில் ஆயிரக்கணக்கான ஏரிகள் உள்ளன. பண்டைக்காலத்தில் அந்நிலங்களை மூடியிருந்த பனிப்பாளங்கள் தரையை அகழ்ந்து சென்ற பள்ளங்களே பின்னர் ஏரிகளாயின. வட அமெரிக்காவின் ஆதிக்குடிகள் பூர்ச்ச மரத்தின் பட்டையால் இலேசான ஓடங்களைச் செய்து, ஓர் ஏரியைக் கடந்ததும் ஓடத்தைத் தோளில் தூக்கிச் சென்று அடுத்த ஏரியில் இறக்கினர். இன்று உலகெங்கும் பொழுதுபோக்காக விளங்கும் ஓடப் பயணத்திற்கு அவர்களே ஆசான்கள். இலங்கையின் மலைநாட்டிலோ இயற்கையாக அமைந்த பேரேரி ஒன்றேனும் இல்லை. இங்கே காணப்படும் ஏரிகள் யாவும் மனிதர் ஆற்றை மறித்து ஆக்கியவை. இந்த ஒரு வேறுபாட்டை நினைவிற் கொண்டால், மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

நுவரெலியாவிலுள்ள கிரகரி ஏரி இவற்றுள் பழையவற்றில் ஒன்று. பிதுருதாலகால மலையிலிருந்து இறங்கிவரும் ஓடையை மறித்து, சதுப்பாகக் கிடந்த தாழ்நிலத்தில் 1873ஆம் ஆண்டில் இவ்வேரி உருவாக்கப்பட்டது. அக்காலத்தில் தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் கிரகரியின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. நகரை விரிவாக்கவும், கோடையில் குளிர் தேடி வந்த ஐரோப்பியர் உலாவி மகிழவும் அது பயன்பட்டது. இன்றும் ஏப்ரல் மாத வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்கு வருவோர் முதலில் நாடுவது அந்த ஏரியையே.

ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கங்களின் வரலாறு வேறு. மலையிலிருந்து வீழும் நீரைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திர என்னும் இலங்கைப் பொறியியலாளர். அவர் சொல் செயலாவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. 1950ஆம் ஆண்டில் லக்ஷபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1953இல் அவர் மறைந்தார். பின்னர் நோர்வூட்டுக்கு அருகே கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணை 1965இல் எழுந்தது. அதன் நீரால் இயங்கும் மின் நிலையத்திற்கு விமலசுரேந்திர பெயரே சூட்டப்பட்டது. மஸ்கெலி ஓயாவை மறித்த மவுசாகலை அணை 1969இல் நிறைவெய்தியது. அதன் பொருட்டே பழைய மஸ்கெலியா நகரம் நீருக்கு இடம் கொடுத்து, மேட்டுநிலத்தில் புதிதாக அமைந்தது.

இந்த இரு ஓயாக்களின் நீரும் சும்மா ஓடுவதில்லை. காசல்ரீயின் நீர் சுரங்கவழியே இறங்கி, நோட்டன் பிரிட்ஜில் ஒருமுறை மின்சாரம் தந்து, மறுபடி லக்ஷபானவில் மின்சாரம் தருகிறது. மவுசாகலையின் நீர் கெனியன் மின் நிலையத்தின் வழியாகப் புதிய லக்ஷபானவை அடைகிறது. பின்னர் இரண்டும் சேர்ந்து பொல்பிட்டியவிலும் சுழலிகளைச் சுழற்றுகின்றன. இரு ஓயாக்களும் கூடியபின் அந்நீருக்குக் களனி கங்கை என்று பெயர். அக்கங்கை கொழும்பை அணுகும்போது, அம்பத்தளையில் அதன் நீரை எடுத்துச் சுத்திகரித்தே தலைநகர மக்களுக்குக் குடிநீர் வழங்கப்படுகிறது. மலையில் ஏரிக்கரையில் ஒருவன் எறியும் குப்பை, தொலைவிலுள்ள ஒரு குழந்தையின் குவளைக்கு உறவுடையது என்பதை இதனால் அறியலாம்.

இனி மீன்களைப் பற்றி நோக்குவோம். தேயிலைத் துரைமார் காலத்தில் மலைநாட்டு ஓடைகளில் தமது தாய்நாட்டு மீனைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு எழுந்தது. ட்ரவுட் என்னும் மீன் குளிர்ந்து தெளிந்த நீரையே நாடி வாழும். நீர் வெதுவெதுப்பானால் அதிலுள்ள பிராணவாயு குறையும், மீனும் தளரும். ஆதலால் ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட் 1880களில் கப்பல் வழியே கொண்டுவரப்பட்டு, நுவரெலியாப் பகுதி நீர்நிலைகளில் விடப்பட்டது. அது இங்கே நன்கு பெருகவில்லை. பின்னர் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குரிய வானவில் ட்ரவுட் கொண்டுவரப்பட்டது. அதுவே ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் வேரூன்றித் தானே குஞ்சு பொரிக்கலாயிற்று. மீன்பிடிப் பிரியர்கள் 1896இல் ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டனர்.

ட்ரவுட் பிடிப்பது பொறுமைக்கு ஒரு பள்ளிக்கூடம். அம்மீன் ஓட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து, நீர் கொண்டுவரும் பூச்சிகளுக்காகக் காத்திருக்கும். ஆதலால் தூண்டிற்காரன் கீழ்ப்புறமிருந்து, அதன் முதுகுப்பக்கமாகவே அணுக வேண்டும். அவன் நிழல் நீரில் விழுந்தாலும், கல் மிதிபட்டுச் சத்தம் எழுந்தாலும் மீன் மறைந்துவிடும். முள்ளில் மண்புழுவுக்குப் பதிலாக இறகும் நூலும் கொண்டு பூச்சிபோலப் புனைந்த பொய்யிரையைக் கட்டி, அது நீர்மேல் மெல்ல இறங்குமாறு வீசுவதே இக்கலையின் நுட்பம்.

ஆயினும் இந்த விருந்தாளி மீன் வந்த கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிற்றிறால் வாழ்கிறது. விரல் நீளமும் இல்லாத அவ்வுயிர், பெரிய மீன்கள் இல்லாத நீரில் நெடுங்காலம் வாழ்ந்து வந்தது. வெளியிலிருந்து வந்த ட்ரவுட்டுக்கு அது எளிய இரையாகும். ஒருவர் தம் பொழுதுபோக்கிற்காக ஓடையில் விட்ட மீன், அவர் பெயரும் அறிந்திராத ஓர் உயிரின் குலத்தையே அச்சத்திற்குள்ளாக்கக்கூடும் என்பது இதனால் கிடைக்கும் பாடம். ஆகவே ஓரிடத்து மீனை வேறோரிடத்திற் கொண்டுபோய் விடுதல் எக்காலத்தும் தகாது.

காசல்ரீ, மவுசாகலை போன்ற தாழ்ந்த நீர்த்தேக்கங்களில் கிடைப்பவை வேறு. அங்கே கெண்டை இனமும் திலாப்பியாவும் மிகுதி. திலாப்பியா ஆபிரிக்காவைச் சேர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, ஏழை மக்களின் மலிவான புரத உணவாக நிலைத்துவிட்டது. அதன் ஆண் மீன் கரையோர மண்ணைக் குழித்து இடம் அமைக்கும். பெண் மீனோ முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். தூண்டிலில் அகப்பட்ட மீனின் வாயில் முட்டைகளோ குஞ்சுகளோ இருந்தால், அதனை நீரிலேயே விட்டுவிடுவது அறம். இங்கே விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மூங்கிற் கம்பு, நரம்புக் கயிறு, சிறு முள், மண்புழு ஆகியவை போதும். தோட்டத்துச் சிறுவர்கள் லயத்துக்குப் பின்னால் மண்ணைக் கிளறிப் புழு எடுத்துக்கொண்டு, பள்ளி விட்டதும் கரைக்கு ஓடிப் பிடிக்கும் மீன் அன்றிரவு குழம்பாகும். பொழுதுபோக்கிற்கு மீன் பிடிப்பவர், குழம்புக்கு மீன் பிடிப்பவரின் இடத்தைப் பறித்துக்கொள்ளலாகாது.

அடுத்தது வள்ளத்தில் துடுப்புப் போடுதல். மேலிருந்து நோக்கும்போது ஏரி கண்ணாடிபோல் தோன்றும். காலையில் அது பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். வெயில் ஏறியபின் பள்ளத்தாக்கு வழியே காற்றெழும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால், கரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. எனவே அதிகாலையிற் புறப்பட்டு நண்பகலுக்கு முன் திரும்புவதும், நட்டநடு ஏரியைக் கடக்காமற் கரையை ஒட்டியே செல்வதும் அனுபவசாலிகளின் வழக்கம். வள்ளத்தில் எழுந்து நிற்றல் கூடாது. பாரத்தை நடுவிலும் தாழ்வாகவும் வைக்க வேண்டும். உயிர்காப்பு அங்கியை வள்ளத்தில் வைத்திருப்பது போதாது, உடலில் அணிந்து இறுகக் கட்டியிருக்க வேண்டும். வள்ளம் கவிழ்ந்தால் நீந்திக் கரை சேர முயல்வதைவிட, கவிழ்ந்த வள்ளத்தையே பற்றிக்கொண்டு உதவிக்குக் குரல் கொடுப்பது மேலானது.

மனிதர் ஆக்கிய ஏரி என்பதால் இங்கே வேறு சில ஆபத்துகளும் உண்டு. நீர் தாழும் காலத்தில், முன்பு ஆழத்திலிருந்த மரக்கட்டைகளும் சுவர்களும் நீர்ப்பரப்பிற்குச் சற்றே கீழாக மறைந்து நிற்கும். அவற்றில் மோதும் வள்ளம் நொடியிற் கவிழும். நீர் வடிந்த கரையிலுள்ள சேறு உலர்ந்த தரைபோல் தோன்றும், கால் வைத்தால் முழங்கால்வரை புதையும். அணைக்கட்டின் அருகிலும், நீர் சுரங்கத்துள் நுழையும் வாய் அருகிலும் செல்லவே கூடாது. மழைக்காலத்தில் அணையின் கதவுகள் திறக்கப்படுமாயின், அதன் கீழ்ப்புறமுள்ள ஆற்றில் வெள்ளம் திடீரெனப் பெருகும். பாறைமேல் அமர்ந்து உணவருந்திக் கொண்டிருப்போர் எழுந்து ஓடவும் நேரம் இராது. கித்துல்கலையில் பாய்ந்தோடும் களனி கங்கையிலே காற்றடைத்த படகில் செல்வது இன்று பெயர் பெற்ற விளையாட்டு. அங்கும் மேலிருந்து நீர் விடப்படும் வேளையைப் பொறுத்தே ஆறு ஏறி இறங்கும். ஆகவே இடமறிந்த வழிகாட்டியின்றி இறங்குதல் அறிவுடைமையன்று.

நீரில் மூழ்கி இறந்தோரைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் மலைநாட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் மூழ்குவதைக் கண்டதும் நீந்தத் தெரியாதவர் பாசத்தால் உந்தப்பட்டுக் குதிக்கிறார். ஓர் உயிர் போகவேண்டிய இடத்தில் இரண்டு உயிர் போகிறது. கரையில் நின்றபடியே கயிற்றையோ நீண்ட கம்பையோ நீட்டுதல் வேண்டும். அவை இல்லையேல் இடுப்புச் சேலையையேனும் முறுக்கி எறியலாம். காற்றடைத்த வெறும் தகரமும் உதவும். இந்த எளிய உண்மை பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாய்பாடுபோல் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாகக் கூடாரமடித்துத் தங்குதல். காடும் குளிரும் தேடுவோர்க்கு ஹோட்டன் சமவெளிக்கு ஈடான இடம் இந்நாட்டில் அரிது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த அச்சமவெளி மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீரூட்டும் தாய்நிலம். 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழியாது காக்க வேண்டும் என்று தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையின்பேரில் 1873இல் பிறந்த கட்டளையே அக்காடு எஞ்சியதற்கு ஒரு காரணம். அன்று அக்கட்டளை இல்லாதிருந்தால், தேயிலை இன்னும் மேலேறியிருக்கும், ஊற்றுகள் வற்றியிருக்கும். 1988இல் அது தேசிய வனமாக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடுகளுடனும் நக்கிள்ஸ் மலைகளுடனும் சேர்த்து உலக மரபுரிமை இடமாக ஏற்கப்பட்டது. அங்கே தங்க விரும்புவோர் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே பெற வேண்டும். அவர்கள் குறித்த இடத்திலன்றி வேறிடத்தில் கூடாரம் அடிக்கலாகாது. அனுமதியின்றி எவ்வுயிரையும் பிடிக்கவோ எச்செடியையும் பறிக்கவோ கூடாது.

காலம் அறிந்து செல்வதும் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளில் விடாது பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் மாலைதோறும் இடியும் மின்னலும் மிகுதி. தை முதல் பங்குனி வரையுள்ள காலமே உகந்தது. ஆனால் அக்காலத்தில்தான் இரவிற் குளிர் கடுமையாகும். புல்நுனியில் உறைபனி வெள்ளைவெளேரெனப் படிந்திருப்பதைக் காலையிற் காணலாம். குளிர்ந்த காற்று கனமுடையதாதலால் அது தாழ்ந்த பள்ளங்களிலேயே தேங்கும். எனவே கூடாரத்தைப் பள்ளத்தில் அடிக்காமற் சற்று மேடான இடத்தில் அடிக்க வேண்டும். வறண்ட ஓடைப்பாதையும், பட்டமரத்தின் அடியும் ஆகாத இடங்கள். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும், கீழே தடித்த விரிப்பில்லையேல் தரை உடற்சூட்டை உறிஞ்சிவிடும் என்பதை மறத்தலாகாது.

அட்டையைக் கண்டு அஞ்சுவோர் பலர். அது நோயைவிட எரிச்சலையே தருவது. நீண்ட காலுறையை அணிந்து, அதன்மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறியதைப் பிடுங்கி இழுக்காமல், உப்போ தேசிக்காய்ச் சாறோ இட்டால் தானே விழும். அதைவிடக் கவனிக்கவேண்டியது நெருப்பு. மலையுச்சிக் காட்டு மரங்கள் காற்றோடும் குளிரோடும் போராடி மிக மெதுவாக வளர்பவை. ஒரு வேளைத் தேநீருக்காக வெட்டிய கிளை திரும்பி வளர ஒருவரின் ஆயுள் போதாமலும் போகலாம். காய்ந்த புற்றரையில் விழும் ஒரு பொறி ஒரு மலையையே கருக்கிவிடும். எனவே சிறிய அடுப்பு ஒன்றை உடன் கொண்டுசெல்வதே தக்கது. மலசலம் கழிக்கும் இடம் நீரிலிருந்து தொலைவில் அமைதல் வேண்டும். பொலித்தீன் உறையும் உணவு மிச்சமும் விட்டுவரலாகாது. மரைகள் அவற்றைத் தின்று மாளும். கொண்டுசென்றது யாவும் திரும்பிக் கொண்டுவரப்பட வேண்டும்.

கடைசியாகக் கூறவேண்டியது மனிதரைப் பற்றியது. காசல்ரீயின் கரையும் மவுசாகலையின் கரையும் வெறுங்காடல்ல. அவை தோட்டங்கள். அக்கரைச் சரிவுகளில் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மழையிலும் வெயிலிலும் கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பால்தான் அந்தப் பச்சை அவ்வளவு சீராக விளங்குகிறது. அவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து, காட்டை வெட்டிச் சாலை அமைத்து இந்நிலத்தை ஆக்கினர். நெடுங்காலம் அந்த ஏரி துரை பங்களாவின் விறாந்தையிலிருந்து பார்ப்பதற்குரிய காட்சியாயிருந்தது. லயத்துக் காம்பராவிலிருந்தோர்க்கு அது நீர் மொள்ளும் இடமும் துணி துவைக்கும் இடமுமாயிருந்தது. எனவே அங்கே செல்வோர் தோட்டத்து அனுமதியின்றிக் கொழுந்து மலைக்குள் கூடாரம் அடித்தலும், லயத்து வாசலில் நின்று அங்குள்ளோரை வேடிக்கைப் பொருளாக்கிப் படம் பிடித்தலும் பண்பாகா. "தம்பி, இந்தப் பக்கம் ஆழம் எப்படி?" என்று ஒருவரை மரியாதையுடன் வினவினால், எந்த ஏட்டிலும் இல்லாத செய்தி கிடைக்கும். காற்று எப்போது மாறும், எங்கே சேறு, எங்கே நீருக்குள் மதில் நிற்கிறது என்பவற்றை அக்கரையிற் பிறந்து வளர்ந்தவரே நன்கறிவர்.

அவ்வறிவு அவர்களுக்கே பயன்பட வேண்டாமா? வடநாடுகளில் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு நீந்தவும் துடுப்புப் போடவும் பள்ளியிலேயே பயிற்றுவிக்கின்றனர். மலைநாட்டுப் பிள்ளைக்கு ஏரி கண்ணெதிரே இருக்கிறது, நீச்சலோ எட்டாத கலையாக இருக்கிறது. தகுந்த ஆசிரியரின் காவலில், ஆழமற்ற இடத்தில், முறையாக நீந்தக் கற்பித்தால் இரண்டு நன்மைகள் விளையும். வீணே மாளும் உயிர்கள் காக்கப்படும். பிற்காலத்தில் வழிகாட்டியாகவும் படகோட்டியாகவும் அந்த ஏரியால் அவர்கள் மதிப்புடன் பிழைக்கவும் கூடும். வெளியூரார் அனுபவிக்கும் இன்பத்திற் கரையில் வாழ்வோர்க்கும் பங்கிருந்தால்தான் அவ்வின்பம் நிறைவுடையதாகும்.

ஆகவே மலைநாட்டு ஏரிக்குச் செல்வோர் தூண்டிலோடும் துடுப்போடும் கூடாரத்தோடும் சிறிது அறிவையும் அடக்கத்தையும் எடுத்துச் செல்வாராக. காலை வேளையில் மவுசாகலையின் நீர்மேல் வள்ளம் மெல்லச் செல்லும்போது, கீழே ஒரு தெரு இருந்தது, மணி ஒலித்த ஆலயமும் பாங்கொலித்த பள்ளிவாசலும் பணை ஓதிய விகாரையும் அருகருகே இருந்தன என்பதை அவர் நினைவு கூர்வாராயின், நாட்டுக்கு வெளிச்சம் தருவதற்காக ஓர் ஊர் தன் இடத்தை விட்டுக்கொடுத்த கதை அவருக்கு விளங்கும். அதன்பின் அவர் அந்நீரில் குப்பை எறியமாட்டார். அத்தகையவர் மறுமுறை வரும்போது, கரையிலுள்ளோர் அவரை அந்நியராகக் கருதார், விருந்தினராகவே வரவேற்பர்.